கடலில் யாருக்கு எவ்வளவு? காசிமேட்டை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். பலகை மாற்றுவது, என்ஜினைப் பிரித்து மாட்டுவது, கிழிந்த வலையைச் சரிசெய்வது, பெயின்ட் அடிப்பது எல்லாம் அந்த நாள்களில்தான். ஜூன் 14 நள்ளிரவு தாண்டியதும் படகுகள் வரிசைகட்டிக் கிளம்பும். முதல் சில நடைகளில் மீன் நன்றாக விழும். வஞ்சிரமும் வவ்வாலும் பெரிசு பெரிசாக ஏலத்துக்கு வரும். ஓரிரு மாதத்தில் வரத்து இறங்கிவிடும். அதற்குப் பிறகு டீசல் காசுகூடத் தேறாத நடைகளைப் பற்றிய பேச்சுதான் துறைமுகம் முழுக்க.

தடைக்காலம் கடலுக்கு ஓய்வு கொடுக்கிறது. அந்த ஓய்வில் வளர்ந்த மீன் யாருக்கு எவ்வளவு என்பதை அது சொல்வதில்லை. முந்திப் போனவருக்கே மீன். அதனால்தான் பக்கத்துப் படகைவிட வேகமான என்ஜின், பெரிய மடி (இழுவலை), கூடுதல் ஐஸ், அத்தனைக்கும் கடன். நான் இன்று விட்டுவைக்கும் மீனை நாளை இன்னொருவர் அள்ளிக்கொண்டு போவார் என்று தெரிந்தபின் விட்டுவைக்க யாருக்கு மனம் வரும்? இதைப் பேராசை என்று சொல்லி மீனவரைத் திட்டுவது அநியாயம். விதி அப்படி இருந்தால் நானும் நீங்களும் அதையேதான் செய்வோம்.

இந்தப் பந்தயத்தை நிறுத்த உலகின் பல கடல்களில் எடுத்த வழி, மீன்வளத்தைப் பங்கு பிரித்துக் கொடுப்பது. இந்த ஆண்டு இந்த மீனில் இத்தனை டன் வரை பிடிக்கலாம் என்று அறிவியலாளர்கள் மதிப்பிடுவார்கள். அந்த மொத்தத்தில் ஒவ்வொரு படகுக்கும், அல்லது நிறுவனத்துக்கும், ஊருக்கும் இத்தனை விழுக்காடு என்று அரசு எழுதிக் கொடுக்கும். பங்கு கையில் இருப்பதால் அவசரப்பட வேண்டியதில்லை. மீன் பெருகினால் அதே விழுக்காட்டுக்குக் கூடுதல் டன் கிடைக்கும். பல நாடுகளில் இந்தப் பங்கை விற்கவும் வாடகைக்கு விடவும் முடியும்.

காசிமேட்டுக்கு இது பொருந்துமா? பொருந்தும் பகுதி இருக்கிறது, நம்மைக் கவிழ்த்துவிடக்கூடிய பகுதியும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

அலாஸ்காவில் நடந்தது

பங்கு முறைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் முதலில் காட்டுவது அலாஸ்காவின் ஹாலிபட் மீனைத்தான். 1990களின் தொடக்கத்தில் அங்கே பல பகுதிகளில் ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள்தான் ஹாலிபட் பிடிக்க அனுமதி. அந்த நாளில் புயல் அடித்தாலும் போயே ஆக வேண்டும். போனவர்கள் தாங்க முடியாத அளவுக்கு மீனை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள், படகுகள் கவிழ்ந்தன, ஆள்கள் இறந்தார்கள். மொத்த மீனும் ஒரே நேரத்தில் கரைக்கு வந்ததால் பெரும்பகுதி உறைபதனக் கிடங்குக்குப் போனது, விலையும் இல்லை. 1995இல் படகுக்குப் பங்கு கொடுத்தார்கள். மீன்பிடிப் பருவம் ஏறத்தாழ எட்டு மாதமாக நீண்டது. வானிலை பார்த்து, சந்தை விலை பார்த்து நிதானமாகப் போனார்கள். நடுக்கடல் மீட்புப் பணிகள் குறைந்தன. பச்சை மீனாக விற்றதால் விலையும் ஏறியது.

ஜூன் 15 விடியற்காலையில் காசிமேட்டில் நடப்பதும் இதே வகைப் பந்தயம்தான். ஆகவே அலாஸ்காவின் பாடத்தை ஒதுக்கிவிட முடியாது. 2008இல் கிறிஸ்டோபர் கோஸ்டெல்லோ என்ற ஆய்வாளரும் வேறு இருவரும் சேர்ந்து ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. 1950 முதல் 2003 வரை 11,135 மீன்வளங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். தனியார் பங்கு முறையில் இருந்தவை 121. அவற்றில் சரிந்துபோனவற்றின் விகிதம், மற்றவற்றில் இருந்ததில் ஏறக்குறைய பாதிதான்.

ஆனால் பங்கு பிரிப்பதற்கு முன் மொத்தம் எவ்வளவு என்ற கணக்கு சரியாக இருக்க வேண்டும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் மீனுக்கு மொத்த உச்சவரம்பும் இருந்தது, அதைப் பிரித்துக் கொடுத்த ஒதுக்கீடும் இருந்தது. மதிப்பீடு மட்டும் மிகையாக இருந்தது. 1992 ஜூலையில் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டி வந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள்.

முதல் பட்டியலில் யார் பெயர்?

நான் பார்த்தவரையில் பங்கு முறையின் தலையெழுத்து ஒரே ஒரு நாளில் எழுதப்படுகிறது. முதன்முதலில் பட்டியல் போடும் நாள் அது. அன்று பெயர் ஏறியவர் உரிமையாளர். ஏறாதவரும் அவர் பிள்ளைகளும் காலத்துக்கும் காசு கொடுத்து வாங்க வேண்டியவர்கள்.

ஐஸ்லாந்தில் 1984இல் காட் போன்ற மீன்களுக்குப் பங்கு பிரித்தபோது, அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் எந்தப் படகு எவ்வளவு பிடித்தது என்பதுதான் அளவுகோல். பங்கு படகு உரிமையாளருக்குப் போனது. அந்த மீனை இழுத்துப் போட்ட தொழிலாளிக்கு ஒன்றும் இல்லை. 1990 சட்டம் பங்கைத் தாராளமாக விற்க வழிசெய்தது. மீன்வளம் தேசத்தின் பொதுச்சொத்து என்று சொல்லும் சட்டமும் அதுவேதான். பிறகு சிறிய ஊர்களின் பங்குகள் பெரிய நிறுவனங்களிடம் போய்ச் சேர்ந்தன. துறைமுகம் இருக்கும், படகு இருக்கும், பிடிக்க உரிமை இருக்காது. பங்கில்லாமல் மீன் பிடித்துத் தண்டிக்கப்பட்ட இரண்டு மீனவர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார்கள். இந்த முறை பாரபட்சமானது என்று 2007இல் குழு சொன்னது. 2009இல் சிறு படகுகளுக்காகக் கோடைக்காலக் கரையோர மீன்பிடிப்பை ஐஸ்லாந்து தனியாகத் திறந்துவிட்டது. ஒரு நிறுவனத்திடம் மொத்தப் பங்கில் 12 விழுக்காட்டுக்கு மேல் சேரக் கூடாது என்ற வரம்பும் அங்கே உண்டு.

நியூசிலாந்து 1986இல் இந்த முறைக்கு வந்தது. அதற்கு முன்பே, மீன்பிடிப்பை முழுநேரத் தொழிலாகச் செய்யாதவர்கள் என்று சொல்லி ஏராளமானவர்களைத் தொழிலிலிருந்து நீக்கியிருந்தார்கள். அவர்களில் பலர் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள். பருவத்துக்குத் தோட்டம், பருவத்துக்குக் கடல் என்று வாழ்ந்தவர்களுக்குப் பிடிப்பு வரலாறு எங்கிருந்து வரும்? பிரிட்டிஷ் அரசோடு 1840இல் செய்துகொண்ட வைத்தாங்கி உடன்படிக்கையைக் காட்டி மாவோரிகள் வழக்காடினார்கள். 1992இல் சீலார்டு என்ற மீன்பிடி நிறுவனத்தில் பாதியை வாங்கிக் கொடுத்தும், புதிதாகச் சேரும் மீனினங்களில் 20 விழுக்காடு பங்கு தருவதாக உறுதியளித்தும் அரசு சமரசம் செய்ய வேண்டி வந்தது. நியூசிலாந்து இன்னொரு பாடமும் தருகிறது. தொடக்கத்தில் பங்கை டன் கணக்கில் நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிட்டு, மீன் குறைந்தபோது அதை அரசே திரும்ப வாங்க வேண்டிய இக்கட்டில் மாட்டினார்கள். 1990இல்தான் விழுக்காட்டுக்கு மாற்றினார்கள்.

இந்த அளவுகோலைக் காசிமேட்டுக்குக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரை நாட்டுப்படகுகளுக்கு என்று ஒதுக்கியது. 1970களின் இறுதியில் சென்னைக் கடற்கரையில் கட்டுமரக்காரர்களும் விசைப்படகினரும் உயிர்ப்பலி வரை மோதிக்கொண்டதன் விளைவு அது. 2020 விதிகளில் இந்தத் தூரம் 5 கடல் மைல் ஆனது. 240 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட என்ஜினுக்கு அனுமதி இல்லை. இரட்டை மடி கூடாது. இத்தனைக்குப் பிறகும் கரையோரம் வந்து இழுப்பதும், அதிகத் திறன் கொண்ட சீன என்ஜின் வைப்பதும் காசிமேட்டில் எத்தனை போராட்டங்களுக்குக் காரணமாகியிருக்கின்றன என்பது வடசென்னையில் இருப்பவர்களுக்குத் தெரியும். முந்தைய ஆண்டுகளின் பிடிப்பை வைத்துப் பங்கு பிரித்தால், விதியை மீறி அதிகம் வாரியவருக்கே அதிகப் பங்கு போகும். சட்டத்துக்கு அடங்கி 5 மைலுக்கு வெளியே நின்றவருக்குக் குறைந்த பங்கு. ஃபைபர் படகில் கவலை மீனும் நெத்திலியும் பிடித்துக் கரையிலேயே விற்றவருக்குக் காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே, பிடிப்பு வரலாறு என்ற அளவுகோலை இங்கே கொண்டுவரக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

தொழிலாளியின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காசிமேட்டு விசைப்படகில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு எல்லாம் கழித்த பிறகுதான் உரிமையாளருக்கும் தொழிலாளிகளுக்கும் பங்கு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஹாலிபட் பங்கை வாடகைக்கு எடுத்து ஓட்டும் படகுகளில் அந்த வாடகையும் இந்தச் செலவுக் கணக்கில் ஏறியது. மீன் விலையின் பெரும்பகுதி கடலுக்கே போகாத பங்குதாரருக்குப் போய், மிஞ்சியதில்தான் படகுக்காரரும் தொழிலாளிகளும் பிழைக்க வேண்டியிருந்தது. நாளை இங்கே விற்கத்தக்க பங்கு வந்தால், ஆந்திரத்திலிருந்து வந்து காசிமேட்டுப் படகில் உழைப்பவரின் கணக்கிலும் அந்த வாடகை முதலாவதாக ஏறும்.

ஒரு மடியில் எத்தனை மீன்

விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு ஏலத் தளத்தில் நின்று ஒரு விசைப்படகு மீன் இறக்குவதைப் பாருங்கள். சங்கரா, நவரை, கிழங்கான், வாளை, காரப்பொடி, கடம்பா, நண்டு, இறால், சின்னத் திருக்கை. கீழ்த்தட்டிலிருந்து ஐஸோடு வாரிக் கொட்டியதைக் கூடைகளில் தரம் பிரிப்பார்கள். கடைசியில் ஒரு குவியல் மிஞ்சும். விரல் நீளக் குஞ்சுகள், முள்ளும் ஓடும் கலந்தது. அது கழிசல், கோழித் தீவனத்துக்கும் மீன் மாவு ஆலைக்கும் போகும். நாளை பெரிய சங்கராவாகவும் வாளையாகவும் வந்திருக்க வேண்டிய குஞ்சுகளும் அதற்குள் கிடக்கும். ஏலம் பெரும்பாலும் கூடைக் கணக்கில், கண்மதிப்பில். கூறும் விலையை வைத்து முடிந்துவிடும். எடை போட்டு, மீன்வாரியாக, படகுவாரியாக எழுதும் வழக்கம் இல்லை. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் மாதிரி எடுக்கும் முறையில் இறங்கும் மீனைக் கணக்கிடுகிறது. மாநில அளவில் போக்கு தெரிந்துகொள்ள அது நல்ல கணக்கு. இன்னார் படகு இத்தனை கிலோ என்று தீர்ப்புச் சொல்ல அது போதாது.

ஐஸ்லாந்துக் கடலில் காட் என்றால் காட். நம் மடியில் பத்து இருபது வகை ஒன்றாக ஏறும். சங்கராவுக்குத் தனிப் பங்கு, வாளைக்குத் தனிப் பங்கு என்று கொடுத்தால் சங்கராப் பங்கு தீர்ந்த அன்று என்ன செய்வது? மடி ஆள் பார்த்து மீன் பிடிக்காது. பங்கு தீர்ந்த மீன் செத்த பிறகு கடலில்தான் வீசப்படும், கணக்கில் வராமல்.

எல்லைச் சிக்கலும் உண்டு. அரசியலமைப்பின்படி 12 கடல் மைலுக்கு உட்பட்ட மீன்பிடிப்பு மாநிலத்தின் பொறுப்பு, அதற்கு அப்பால் ஒன்றியத்தின் பொறுப்பு. காசிமேட்டுப் படகுகள் வடக்கே ஆந்திரக் கடல் வரை போகும், அங்கே நெல்லூர் மீனவர்களோடு உரசல் வரும். கானாங்கெளுத்திக்கு மாநில எல்லை தெரியாது. சென்னைக்கு மட்டும் ஒரு மொத்தக் கணக்குப் போட்டுப் பிரிப்பது நடக்காத காரியம்.

நம் கரையில் ஏற்கெனவே உள்ள பங்குகள்

பங்கு என்றதும் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ராமேசுவரத்தில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்ற ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. விசைப்படகு கடலுக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும். அது நாளைப் பங்கு பிரித்தது. 5 மைல் விதி இடத்தைப் பங்கு பிரித்தது. பலர் கவனிக்காத இன்னொன்று டீசல். விற்பனை வரி விலக்கு பெற்ற டீசல் விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர், என்ஜின் வைத்த நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டர் என்று நீண்டகாலமாகக் கொடுத்து, அண்மையில் 19,000, 4,400 என உயர்த்தினார்கள். படகுவாரியாகப் பெயர் எழுதி உச்சவரம்பு வைத்து அரசு கொடுக்கும் ஒதுக்கீடு அது. அதாவது பட்டியல் போடும் இயந்திரம் ஏற்கெனவே ஓடுகிறது.

நான் இந்த ஆய்வில் அதிகம் தங்கி நிற்க விரும்பும் இடம் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அங்கே ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டப் பகுதிகளில் இறால் நன்றாகப் படும். எல்லோரும் ஒரே நேரத்தில் வலை கட்டினால் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது, சண்டைதான் மிஞ்சும். ஆகவே பட்டினவர் என்னும் மீனவச் சாதியினரின் ஊர்கள் தலைமுறைகளாகப் பாடு முறை வைத்திருக்கின்றன. தலைக்கட்டுக் கணக்கில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும் உரிமை. எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று சீட்டுப் போட்டு முறைவைத்துச் சுற்றும். நல்ல இடம் கிடைத்தவர் அடுத்த முறை நகர்ந்தாக வேண்டும். பாடு உரிமையை வெளியாருக்கு விற்க முடியாது. மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து தண்டம் விதிக்கும், தொழிலை நிறுத்தி வைக்கும். இத்தனை டன் என்ற எண் இதில் எங்குமே இல்லை. மீனை எண்ணாமல், வாய்ப்பை மட்டும் பிரித்தார்கள். ஒரு மடியில் இருபது வகை மீன் வரும் கடலுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்பதை இன்றைய மீன்வள மேலாண்மைக்காரர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

படிக்கும்போது அதன் குறையையும் மறைக்காமல் படிக்க வேண்டும். பாடு சாதிக்கும் ஆணுக்கும் எழுதி வைத்த உரிமை. அதே ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அதில் இடமில்லை. தலித் மீனவர்களுக்கும் இடமில்லை, அதை ஒட்டி அங்கே மோதல்களும் நடந்திருக்கின்றன. பெண்களுக்கு இல்லை. மாவோரிகளை விட்டுவிட்டுப் போட்ட நியூசிலாந்துப் பட்டியலும் இதுவும் இந்த விஷயத்தில் ஒரே குற்றத்தைச் செய்தவை. உரிமையுள்ளவர் எண்ணிக்கை பெருகப் பெருக ஒவ்வொருவருக்கும் முறை வரும் இடைவெளி நீண்டுகொண்டே போகிறது என்பதும் உண்மை.

காசிமேட்டுக்கு எது நடக்கும்

இதையெல்லாம் வைத்து எனக்குப் படுவது இது. காசிமேட்டில் கிலோவைப் பங்கு பிரிக்க வேண்டாம், கடல் நாளைப் பிரிக்கலாம். துறைமுகத்துக்கு ஆண்டுக்கு மொத்தம் இத்தனை படகு நாள் என்று வரம்பு வைத்து, அதைப் படகுகளுக்குள் பிரிப்பது. ஒவ்வொரு நாளும் என்ஜின் திறனால் பெருக்கிக் கணக்கிடப்பட வேண்டும். 240 குதிரைத்திறன் படகின் ஒரு நாள், 120 குதிரைத்திறன் படகின் இரண்டு நாள். இந்தப் பெருக்கல் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஃபேரோ தீவுகள் சாட்சி. அங்கே 1996இல் மீன்பிடி நாள்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். நாள் எண்ணிக்கை தாராளமாக இருந்தது, படகுகளின் திறனும் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது, காட் மீன் மீளவில்லை. அதே நாள் கணக்கைப் பசிபிக்கில் நவ்ரு ஒப்பந்த நாடுகள் எட்டும் கறாராகக் கையாண்டு, சூரை பிடிக்க வரும் வெளிநாட்டுக் கப்பல்களிடம் ஒரு நாளுக்குக் குறைந்தது 8,000 டாலர் வசூலிக்கின்றன. கறார் எவ்வளவோ அவ்வளவு பலன்.

கடல் நாள்களை எண்ணுவது கிலோவை எண்ணுவதைவிட எளிது. விசைப்படகுகளில் படகு இருக்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவி பொருத்தும் வேலை நடக்கிறது. நாடு முழுக்க 1 லட்சம் படகுகளுக்கு என்பது திட்டம். படகு எப்போது கிளம்பியது, 5 மைலுக்குள் வந்ததா என்பது அதில் தெரிந்துவிடும். வரிவிலக்கு டீசலை அந்தக் கணக்கோடு சேர்த்துவிட்டால் மீறலுக்கு உடனடி விலை உண்டு.

நாட்டுப்படகுகளுக்கு நாள் கணக்கே வேண்டாம். எண்ணூர் முதல் கோவளம் வரை உள்ள குப்பங்களுக்குக் கரையோரக் கடலை இடப் பங்காகக் கூட்டாக எழுதிக் கொடுக்கலாம். சிலியில் 1991 சட்டம் லோகோ என்னும் கடல் நத்தைக்காக மீனவர் சங்கங்களுக்குக் கடலடிப் பகுதிகளை இப்படித்தான் ஒதுக்கியது. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கு எந்த வலையைத் தடுக்க வேண்டும் என்று முடிவெடுத்துப் பழக்கம் உண்டு. சட்டம் அதை ஏற்றுக்கொள்ளும்போதே பழவேற்காட்டின் குறையையும் தீர்க்க வேண்டும். சாதி பார்க்காமல், தொழில் செய்கிறவர் பெயரெல்லாம், மீன் விற்கும் பெண்கள் பெயரும் சேர்த்து, பட்டியலில் ஏற வேண்டும். அலாஸ்காவில் 1992இல் பொல்லாக் மீனின் மொத்த உச்சவரம்பில் 7.5 விழுக்காட்டைப் பெரிங் கடலோரச் சிற்றூர்களுக்கென்று ஒதுக்கினார்கள். ஊருக்குப் பங்கு கொடுப்பது சந்தைப் பொருளாதாரத்துக்கே விரோதம் என்று யாராவது சொன்னால் அதைக் காட்டலாம்.

கிலோ கணக்கில் பங்கு வேண்டியது ஒன்றே ஒன்றில்தான், மஞ்சள் துடுப்புச் சூரையில். அந்தப் பங்கும் காசிமேட்டில் பிரிக்கப்படுவதில்லை. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தில் நாடுகளுக்கு இடையே 2011இலிருந்து அந்தப் பேச்சு இழுத்துக்கொண்டே போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கப்பல்கள் கரையோர நாடுகளின் கடலில் பிடித்த மீன் யாருடைய வரலாற்றில் சேரும், கொடி பறந்த நாட்டுக்கா, கடல் சொந்தமான நாட்டுக்கா என்பதே அங்கே முக்கியச் சண்டை. படகுக்காரருக்கும் தொழிலாளிக்கும் இடையே ஐஸ்லாந்தில் எழுந்த அதே கேள்விதான். இந்தியா அங்கே கரையோர நாடுகளின் பக்கம் அழுத்தமாக நிற்க வேண்டும், நின்று வாங்கும் பங்கைப் பெரிய கப்பல்களுக்குத் தாரை வார்க்காமல் தூண்டில் படகுகளுக்குக் கொடுக்க வேண்டும்.

எந்தப் பங்கும் விற்பனைக்கு வரக் கூடாது. தொழிலை விட்டவரின் நாள் துறைமுகத்தின் பொதுக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். பொருளியல் படித்த நண்பர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். விற்க முடிந்தால்தான் திறமையானவர் கைக்குப் பங்கு போகும் என்பார்கள். காசிமேட்டில் அது கடன் கொடுத்தவர் கைக்குத்தான் போகும்.

இன்னொரு கவலையையும் சொல்லியாக வேண்டும். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகம் முழுக்க எண்ணெய் படர்ந்தது. கொசஸ்தலை ஆற்றின் வாயில் சாம்பல் படிந்து கிடக்கிறது. இறால் குஞ்சு வளரும் இடத்தைக் கெடுத்துவிட்டு மீனவரிடம் மட்டும் நாளைக் குறைக்கச் சொல்ல எந்த அதிகாரிக்கும் முகம் இருக்காது. கழிமுகத்துக்கு இழைக்கும் கேட்டைத் துறைமுகங்களும் ஆலைகளும் குறைத்துக்கொள்வது இந்த ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகவே எழுதப்பட வேண்டும்.

உடனே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. அடுத்த தடைக்காலம் முடிந்து படகு கிளம்பும் நாளிலிருந்து, காசிமேட்டில் இறங்கும் ஒவ்வொரு படகின் மீனும் எடை போடப்பட்டு, முக்கியமான பத்துப் பன்னிரண்டு வகை தனியாகவும் கழிசல் தனியாகவும் எழுதப்பட வேண்டும். எழுதும் வேலையை ஏலத் தளத்தில் நிற்கும் பெண்களிடமே சம்பளத்துக்குக் கொடுக்கலாம். எந்த மீன் எந்தக் கூடையில் போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. இரண்டு மூன்று ஆண்டு அந்த நோட்டு நிரம்பிய பிறகு, துறைமுகத்துக்கு எத்தனை நாள் என்று பேச உட்காரலாம். உட்காரும்போது படகு உரிமையாளர் சங்கங்களோடு தொழிலாளிகளும், குப்பத்து ஃபைபர் படகுக்காரர்களும், அந்த நோட்டை எழுதிய பெண்களும் நாற்காலி போட்டு உட்கார வேண்டும்.